புகை தெரிகிற இடம்

விருத்தாசலத்தில் பீங்கான் கப் வேண்டுமா, பொம்மை வேண்டுமா, கரண்ட் கம்பத்துக்கு இன்சுலேட்டர் வேண்டுமா, கேட்ட கையோடு கிடைக்கும். துப்பாக்கி ரிப்பேர் செய்கிறவர் எங்கே என்று கேட்டுப் பாருங்கள், டீக்கடையே வாயை மூடிக்கொள்ளும். பி.டி. டீச்சரான நான் அப்படித்தான் கேட்டுத் திரிந்தேன். ஒருவர் கேஸ் அடுப்புக் கடைக்கு அனுப்பினார். இன்னொருவர், "வூட்டுல சார் எதுனா தப்பு பண்ணிட்டாரா டீச்சர்?" என்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு, துப்பாக்கி ரிப்பேராக இருந்தது அவர் நல்ல நேரம்.

அது எங்கள் பள்ளிக்கூடத்து ஸ்டோர் ரூமில் கிடந்தது. ஓட்டப் பந்தயத்தைத் தொடங்கி வைக்கிற கைத்துப்பாக்கி. குண்டெல்லாம் போட முடியாது. சத்தமும் புகையும்தான் வரும். வெள்ளைக்காரன் காலத்தது என்பார் ஹெச்.எம். குதிரை, அதாவது பின்னாலிருந்து வந்து அடிக்கிற பாகம், அசையவே இல்லை.

ஒரு பிள்ளைக்காகத்தான் இத்தனை அலைச்சல். ஒன்பதாம் வகுப்பு. காது கேட்காது. ஓட ஆரம்பித்துவிட்டால் எங்கள் பள்ளியில் அவளைப் பிடிக்க ஆள் கிடையாது. ஆனால் விசில் ஊதினால், பக்கத்துப் பிள்ளைகளின் கால் நகர்வதைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்புவாள். அதிலேயே மூன்று வருடமாக நாலாவது, ஐந்தாவது. விசிலோடு கொடியும் காட்டிப் பார்த்தேன். என் வாயும் கையும் ஒன்றாக வந்தால்தானே! துப்பாக்கி என்றால் சத்தமும் புகையும் ஒரே சமயம். அடுத்த வாரம் எங்கள் மைதானத்தில் குறுவட்டப் போட்டி. முதல் இரண்டு பேர்தான் மாவட்டத்துக்குப் போக முடியும்.

திட்டக்குடிப் பக்கம் ஒருவர் இருக்கிறார் என்று தெரிந்ததும், ஹெச்.எம்.மிடம் லெட்டர் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். பயிர்க் காவலுக்கு லைசென்ஸ் வாங்கிய விவசாயிகளின் துப்பாக்கிகளைப் பழுது பார்க்கிறவர். என்னைவிடச் சின்னவர், என்னைவிடச் சிடுமூஞ்சி. பேசாமல் ஸ்பிரிங்கை மாற்றினார். பிறகு, "புள்ள எப்புடி நிக்கும்?" என்றார். அவள் குனிந்து நிற்பதையும், பின்னால் நான் நிற்பதையும் வாயால் சொன்னேன்.

"சொன்னா ஆவாதுங்க. குனிஞ்சு காட்டுங்க."

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கடை வாசலில் விரல்களைத் தரையில் ஊன்றிக் குனிந்தேன். நான் வழக்கமாக நிற்கிற மாதிரியே அவர் என் பின்னால் போய் நின்றார். டப்பென்று சத்தம் கேட்டது.

"பொகை தெரிஞ்சுதா?"

மண்தான் தெரிந்தது.

"அப்புறம் எதுக்குங்க இதைத் தூக்கிக்கிட்டு இம்மாந் தூரம் வந்தீங்க? முன்னாடி போயி உக்காந்து சுடுங்க."

சுருக்கென்றது. மூன்று வருடத்தில் ஒரு தடவைகூட அவள் இடத்தில் நான் குனிந்து பார்த்ததில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

போட்டியன்று கோட்டுக்கு முன்னால், ஓடுபாதை ஓரமாக மண்டியிட்டு உட்கார்ந்தேன். "என்ன டீச்சர், வேண்டுதலா?" என்று மற்றப் பள்ளி மாஸ்டர்கள் சிரித்தார்கள். சிரிச்சிட்டுப் போங்கய்யா என்று விட்டுவிட்டேன். துப்பாக்கியை அவள் கண் மட்டத்துக்குத் தாழ்த்தி, அதன் வாயைத் தரைப் பக்கம் திருப்பி அழுத்தினேன். குப்பென்று வெள்ளைப் புகை. ஆறு பேரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். இரண்டாவதாக வந்தாள். அத்தனை பேர் முன்னாலும் வெட்கமில்லாமல் அழுதேன்.

அவள் அம்மா பீங்கான் பொம்மைக்கு வர்ணம் அடிக்கிறவர். அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்திருந்தார். அவரிடம் ஓடிப் போய் அவள் கைகளை வேகவேகமாக ஆட்டி ஏதோ சொன்னாள். நடுவில் என்னையும் காட்டினாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டேன்.

அம்மா கொஞ்சம் தயங்கினார். "இன்னிக்கித்தான் யாரும் ஏமாத்தாம ஓடுனாங்களாம் டீச்சர். இத்தினி நாளா நீங்க விசில் ஊதறதுக்கு முன்னாடியே மத்தவங்க கெளம்பிடறாங்க, டீச்சரும் அதைக் கண்டுக்க மாட்டேங்கறாங்கன்னு நெனச்சிக்கிட்டு இருந்திருக்கா."