அம்மா ஓட்டிய வீடு

போன மாதம் சுகி அன்ரியின் பேத்திக்கு, ஒஸ்லோவில் ரொம்மன் பக்கம், பெரியபிள்ளையான சாமத்தியவீடு. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு நின்ற என் முழங்கையை அன்ரி வந்து பிடித்தார். "பிள்ளை, ஒருக்கா வெளியிலை வாவன், ஒரு சாமான் காட்டோணும்." இந்த வயதில் அன்ரிமார் கூப்பிட்டுக் காட்டும் சாமான் ஒன்றில் புது நகையாக இருக்கும், இல்லாவிட்டால் எக்ஸ்ரேயாக இருக்கும். நான் எக்ஸ்ரேக்கு ஆயத்தமாகத்தான் போனேன். ஆனால் கார் பார்க்கில் வெள்ளைவெளேரென்று, சின்ன ஆஸ்பத்திரி மாதிரி, ஒரு பூபில் நின்றது. பூபில் என்பது படுக்கை, அடுப்பு, கக்கூசு எல்லாவற்றையும் சுமந்துகொண்டு ஓடுகிற வீட்டு வான். "பென்சன் எடுத்தாச்சு, இனி இயற்கையோடை இருப்பமெண்டு அங்கிள் சொல்லுறார்" என்றபடி அன்ரி கதவைத் திறந்தார். உள்ளேயிருந்து அந்த மணம் வந்தது.

கக்கூசுத் தொட்டிக்குள் ஊற்றுகிற நீல மருந்தின் மணம். மற்றவர்களுக்கு மல்லிகை மணத்தால், மழை பெய்த மண் மணத்தால் பழைய நாட்கள் திரும்பி வருமாம். என்னுடைய நாட்கள் கக்கூசு மருந்தின் பின்னால்தான் வருகின்றன. அவரவர் கொடுப்பினை.

அன்ரி சோலார் தகட்டை விளக்கினார், நான் தலையாட்டினேன். இதே அன்ரி பதினேழு பதினெட்டு வருடத்துக்கு முன் கோயில் வாசலில் என் அம்மாவைப் பற்றிச் சொன்ன வசனம் எனக்கு ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. "அகதியா வந்ததுகள், இருந்த வீட்டையும் வித்துப்போட்டுத் திரும்ப அகதியாப் போகுதுகள்." அதை எடுத்துச் சொல்லலாமென்று வாய்வரை வந்தது. வயிற்றில் அவர்களுடைய பிரியாணி இருந்ததால் விட்டுவிட்டேன்.

இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எனக்கு இருபத்துமூன்று வயது. ஒரு பல் வைத்தியரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தேன். கோயிலில் யாரும் கேட்டால் "பல் வைத்தியத்துறை" என்பேன், மிச்சத்தை அவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று. யாரோ ஒருவருடைய வீட்டின் நிலவறையில் வாடகைக்கு ஓர் அறை எடுத்திருந்தேன். அப்பாவும் அம்மாவும் ரொம்மனில் நாலாம் மாடியில். அப்பா முதுகெலும்பு பழுதாகி வேலையை விட்டிருந்தார். அம்மா பதினைந்து வருடமாக ஒரு கம்பனிக் கந்தோர்க் கன்ரீனில் சமைத்துக்கொண்டிருந்தார். அந்தக் கந்தோர் வேறு ஊருக்கு எழும்பிப் போனபோது அம்மாவின் கையில் ஒரு பூச்சாடியைக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். இனி மனுசி கோயில், சீரியல் என்று இருந்துவிடும் என்று எல்லோரும் நினைத்தோம். அம்மா பூச்சாடியை யன்னலில் வைத்துவிட்டு, "நான் கார் ஓடப் பழகப்போறன்" என்றார். அப்போது அவருக்கு ஐம்பத்திரண்டு.

நாலு தரம் பெயில். ஐந்தாம் தரம் பாஸ். சோதனைக்கு வந்த நோர்வேக்காரர் களைத்துப்போய்க் கொடுத்துவிட்டார் என்பது அப்பாவின் கட்சி. பிறகு ஒருநாள் இருவரும் என்னைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டு, இறால் குழம்பு பரிமாறி, பிளாற்றை விற்றாகிவிட்டது என்றார்கள். கீழே எட்டிப் பார்த்தேன். பழுப்புக் கோடு போட்ட ஒரு கிழட்டுப் பூபில், செம்மஞ்சள் திரைச்சீலையோடு நின்றது. வயதில் எனக்கு அக்கா.

"விடுமுறைக்கோ?" என்றேன்.

"இல்லை, இருக்க" என்றார் அம்மா.

இந்த நாட்டில் பொதுக்காட்டில் யாரும் கூடாரம் அடித்துப் படுக்கலாம். ஒரு இடத்தில் இரண்டு இரவு, பிறகு வேறு இடம் பார்க்க வேண்டும். பூபிலைக் காட்டுக்குள் விடமுடியாது. நகரோரத்தில், எல்லிங்ஸ்ருட்டுக்குப் பின்னால் காட்டோரத்துக் கார் பார்க்கில் அதை நிறுத்திவிட்டு, நல்ல காலநிலையென்றால் இருவரும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே நடப்பார்கள். "ரெண்டு நாளிலை எழும்பட்டாம்" என்று அப்பா சிரிப்பார். "எங்களை எழுப்பினவங்கள் ரெண்டு நிமிசமும் தரேல்லை. இது நல்ல சட்டம்." அம்மா காட்டில் புளூபெரி பறித்து, பச்சைமிளகாய் போட்டுச் சம்பல் இடிப்பார். ஒருமுறை கருவாடு பொரித்தபோது பக்கத்து நோர்வேக்காரரின் நாய் எங்கள் வாசலில் வந்து படுத்துக்கொண்டு போகமாட்டேன் என்றது. அந்த மனுசன் வெட்கப்பட்டுக்கொண்டே தானும் ஒரு துண்டு தின்று பார்த்தார். நாய்க்கு இருந்த ரசனை அவருக்கு இருக்கவில்லை.

பனி மாரி வந்தால் மின்சாரம் தருகிற காம்பிங் இடங்களில் நிற்பார்கள். அங்கேயிருந்து அம்மா யாழ்ப்பாணத்திலிருந்த தன் தங்கைக்குப் போன் எடுத்து, "நாங்கள் இப்ப காம்பிலை இருக்கிறம்" என்று சொல்லியிருக்கிறார். சித்தி அந்தப் பக்கம் ஒப்பாரி வைக்கத் தொடங்கிவிட்டார். "ஐயோ அக்கா, அங்கையுமோ!" அந்த வருடங்களில் எங்கள் பாஷையில் காம்ப் என்ற சொல்லுக்கு ஒரேயொரு அர்த்தம்தான் இருந்தது. சித்திக்கு விளங்கப்படுத்த ஒரு கிழமை எடுத்தது. விளங்கிய பிறகு சித்தி அம்மாவைத் திட்ட இன்னொரு கிழமை.

ஒஸ்லோவிலிருந்த எங்கள் சனத்துக்கு அந்தச் சலுகையும் இல்லை. அவர்களுக்குக் கடைசிவரை விளங்கவேயில்லை. நாடு இல்லாததைப் பொறுத்துக்கொண்டவர்கள், நாலு சுவர் இல்லாததைப் பொறுக்கவில்லை. கோயிலில் எவர் வாய் திறந்தாலும் குளியலறைக்கு என்ன மார்பிள் போட்டது என்ற கதைதான். அதற்கு நடுவில் ரப்பர்ச் சப்பாத்தோடு வந்து இறங்குகிற அம்மாவை அவர்கள் பார்த்த பார்வை இருக்கிறதே! அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அவர்கள் எல்லோரையும்விட அதிகம் வெட்கப்பட்டது நான்.

அந்த நேரம் பார்த்து எனக்கு லண்டனிலிருந்து ஒரு சம்பந்தம் பேசி வந்தது. எஞ்சினியர். சாதகம் பொருந்தியிருந்தது. மாப்பிள்ளை, தாய், தாய்மாமன் மூவரும் பெண் பார்க்க வருகிறார்கள். எங்கே வருவார்கள்? காட்டோரத்துக் கார் பார்க்குக்கா? என் சிநேகிதி கவியும் தாய் தகப்பனும் கோயில் திருவிழாவுக்கு ஊருக்குப் போயிருந்தார்கள். எல்லிங்ஸ்ருட்டில் அவர்களுடைய பிளாற் பூட்டிக் கிடந்தது, பூக்கன்றுக்குத் தண்ணி ஊற்றத் திறப்பு என்னிடம் இருந்தது. மிச்சத்தை நீங்களே ஊகிப்பீர்கள்.

சுவரிலிருந்த அவர்களுடைய படங்களைக் கழற்றிக் கட்டிலுக்குக் கீழே தள்ளினேன். எங்கள் படங்களை மாட்டினேன். அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு விருப்பமெண்டால் வாறன்" என்றார். சேலை உடுத்திக்கொண்டு வந்தார். அப்பா மட்டும் பெரிய சோபாவில் சாய்ந்து, அம்மாவைப் பார்த்து, "இது நல்லாத்தான் இருக்கு, என்னப்பா" என்றார்.

வந்தவர்கள் நல்ல சனம். தாய் பட்டுச்சேலை, குதிச்சப்பாத்து. பத்து நிமிடம் எல்லாம் சரியாகத்தான் போனது. பிறகு அவர் கை கழுவ வேண்டுமென்றார். அம்மா வீட்டுக்காரி மாதிரி முன்னால் நடந்து, ஒரு கதவைத் திறந்து, "இஞ்சை வாங்கோ" என்றார். உள்ளே தும்புத்தடியும் வாக்யூம் கிளீனரும் நின்றன. அடுத்த கதவு கவியின் அறை. அங்கே நான் கழற்ற மறந்துவிட்ட ஒரு படம், கவி பட்டமளிப்புத் தொப்பியோடு, ஆளுயரத்துக்குச் சிரித்துக்கொண்டு நின்றாள்.

"இது ஆர் பிள்ளை?" என்றார் மாப்பிள்ளையின் தாய்.

ஏதாவது படம் தப்பிவிட்டால் ஒன்றுவிட்ட தங்கச்சி என்று சொல்லும்படி நான் அம்மாவுக்கு முன்பே சொல்லிக்கொடுத்திருந்தேன். கண்ணால் சாடை காட்டினேன். அம்மா படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இந்தப் பிள்ளையின்ரை வீடுதான் இது" என்றார். "குறை நினைக்காதையுங்கோ. எங்கட வீடு கீழை நிக்குது. வாங்கோ, தேத்தண்ணி அங்கை குடிப்பம்."

அவர்கள் பகிடி என்று நினைத்துச் சிரித்துக்கொண்டேதான் படியிறங்கினார்கள். பூபிலுக்கு முன்னால் வந்ததும் சிரிப்பு நின்றது. தாய்மாமன் உள்ளே ஏற மறுத்து, தூறல் மழையில் வெளியே நின்றார். மாப்பிள்ளை ஏறும்போதே அலுமாரியில் தலையை இடித்துக்கொண்டு, வலியை மறந்து, தொட்டி எத்தனை லீற்றர் தண்ணி பிடிக்கும் என்று அப்பாவைக் கேட்டார். கேட்கக்கூடாத ஆளிடம் கேட்ட கேள்வி. அப்பா மேசையை மடித்துச் சீற்றைக் கட்டிலாக்கிக் காட்டத் தொடங்கினார். அந்தச் சீற்றில்தான் மாப்பிள்ளையின் தாய் பட்டுச்சேலையோடு இருந்தார். மெல்ல மெல்லக் கால் நீட்டிப் படுக்கிற நிலைக்கு வந்துகொண்டிருந்தார். அந்தக் கோணத்தில் இருந்துகொண்டே, "சாமியறை?" என்று கேட்டார், பாவம்.

"மேல் லாச்சிக்கை" என்றார் அப்பா, மேலேயிருந்த இழுப்பறையைக் காட்டி. "பிரேக் அடிச்சால் பிள்ளையார்தான் முதல்லை முன்னுக்கு வருவார்."

மூன்றாம் நாள் லண்டனிலிருந்து போன் வந்தது. சாதகத்தை இன்னொருக்காப் பார்த்தார்களாம், செவ்வாய் நிற்கிறதாம். மூன்று நாளைக்கு முன் இல்லாத செவ்வாய். அதுவும் ஒரு பூபில் வாங்கி இடம் மாறியிருக்க வேண்டும்.

"உங்களாலை என்ரை மானம் போச்சு" என்று அம்மாவிடம் கத்தினேன். "வீட்டைக் களவெடுத்தது நீ, மானம் போனது என்னாலையோ?" என்றார் அம்மா, குரலை உயர்த்தாமல். அதன்பின் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர்கள் வடக்கே வெளிக்கிட்டுப் போனார்கள். கோடை முழுக்க அப்பாதான் போன் எடுப்பார், நான் அப்பாவோடு மட்டும் கதைப்பேன். வீறாப்பு எங்கள் குடும்பச் சொத்து, அதை மட்டும் எந்த ஆமியாலும் எரிக்க முடியவில்லை.

ஓகஸ்ட் மாதம் அப்பாவின் குரல் வேறு மாதிரி இருந்தது. "ஹம்மர்பெஸ்ட்டிலை நிக்கிறம். நாலு நாளாச்சு. கொம்மா வானைத் திருப்புறா இல்லை. பெரிசாக் கதைக்கிறாவுமில்லை. நீ ஒருக்கா வாவன்."

பயந்துபோய் விமானம் ஏறினேன். நாட்டின் வட கோடியிலிருக்கிற அந்த ஹம்மர்பெஸ்ட்டில்தான் நான் பிறந்தேன். அம்மாவும் அப்பாவும் இந்த நாட்டில் முதல் வேலை செய்தது அங்கே ஒரு மீன் பக்டரியில். பக்டரி மூடிக் கிடந்தது. அதன் வாசலுக்கு நேரே, கடலைப் பார்த்தபடி பூபில். ஓட்டுகிற சீற்றில் அம்மா, மடியில் கம்பளிப் போர்வை, கையில் தேத்தண்ணி. நோய் வருத்தம் ஒன்றுமில்லை. நான் ஏறிப் பக்கத்துச் சீற்றில் இருந்தேன். இருவரும் கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஆறு வருசம் இஞ்சை இருந்தனான்" என்றார் அம்மா, எங்கள் சண்டையே நடக்காத மாதிரி. "கடலை ஒருநாளும் பாக்கேல்லை. மீனைத்தான் பாத்தனான்."

கையிலிருந்த தேத்தண்ணியை என் பக்கம் நீட்டினார்.

"இந்த நாட்டுக்கு வந்த நாள்தொட்டு ஆரோ காட்டின அறையிலைதான் படுத்தனான். முகாமிலை ஒண்டு, பக்டரியிலை ஒண்டு, பிறகு ஒஸ்லோவிலை. இது அப்பிடியில்லை, பிள்ளை. காலமை எழும்பிப் பாத்துப் பிடிக்கேல்லையெண்டால், கொஞ்சம் தள்ளி நிப்பாட்டலாம்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் விமானத்தில் வசனம் எல்லாம் ஆயத்தம் பண்ணியிருந்தேன். நோர்வேஜிய மொழியில் நன்றாக வந்தது, தமிழில் வரவில்லை. கடைசியில், "பசிக்குது அம்மா" என்றேன். அவர் எழும்பிப் போய் அடுப்பை மூட்டினார். மறுநாள் காலை அம்மா வானைக் கிளப்பினார். ஒஸ்லோ வரை நானும் அவர்களோடுதான் வந்தேன். விடுப்புக் கேட்காமல் ஐந்து நாள் நின்றதற்குப் பல் வைத்தியர் என் மீது பாய்ந்தது வேறு கதை.

நாலு வருடம் அப்படியே வாழ்ந்தார்கள். ஒரு வசந்தத்தில் வாகனப் பரிசோதனைக்குக் கொண்டுபோனபோது, அடித்தட்டு முழுக்கக் கறள் பிடித்துவிட்டது, இனி ஓடக்கூடாது என்றார்கள். உடைக்கிற இடத்துக்குக் கொண்டுபோக இரண்டு நாள் தவணை இருந்தது. அந்த இரண்டு நாளும் அம்மா அதைக் கழுவினார். அடுப்பைச் சுரண்டினார், திரைச்சீலையைத் தோய்த்து, மினுக்கித் திரும்ப மாட்டினார். உடைக்கிற இடத்துப் பொடியன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, இதை நசிக்கத்தான் போகிறோம், தெரியும்தானே என்று கேட்டான். "தெரியும்" என்றார் அம்மா. "ஆனால் உள்ளுக்கை சப்பாத்தோடை ஏறாதை." அவன் உண்மையாகவே சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் ஏறினான்.

அந்தக் காட்டோரத்துக் கார் பார்க்கில் இப்போது, இரவில் வாகனம் நிறுத்தத் தடை என்று பலகை இருக்கிறது. அப்பா போய் மூன்று வருடம். அம்மா லிப்ட் உள்ள பிளாற்றில் ஆறாம் மாடியில் இருக்கிறார், குளியலறையில் மார்பிள். அன்றைக்குப் பிறகு அவர் ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கோயிலுக்குப் போகும்போது என் காரின் பின்சீற்றில், சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு, மற்ற எல்லா அம்மாக்களையும் போலவே பேசாமல் இருப்பார். இப்போது எல்லோரும் அவரை மிகவும் மதிக்கிறார்கள்.