படத்தில் இருந்த ஸ்டாண்டு

எண்பதுகளில் தருமபுரியில் தையல் மிஷின் கடை வைத்திருந்தேன். கடை நோட்டீஸில், காலால் மிதிக்கும் ஸ்டாண்டோடு சேர்த்தே மிஷின் படம் போட்டிருந்தேன். ஆனால் போட்டிருந்த விலைக்கு மிஷினின் தலை மட்டும்தான் கிடைக்கும்.

நோட்டீஸைப் பார்த்து மணியார்டர் அனுப்பிய பாப்பாரப்பட்டிப் பெண் ஒருவருக்குத் தலையை பஸ்ஸில் அனுப்பினேன். மறுநாளே அதை இடுப்பில் சுமந்துகொண்டு வந்து நின்றார்.

"ஸ்டாண்டு எங்கீங்க?"

"மிஷின்னா தலைதாம்மா. ஸ்டாண்டு தனியா வாங்கணும். ஊருக்கே தெரியும், உனக்குத் தெரியாதா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் மிஷினைக் கடை நடுவில் தரையில் வைத்தார். அதன் எதிரே உட்கார்ந்து காலை நீட்டினார்.

"தெச்சுத் தரேன்னு பத்து வூட்டுத் துணிய வாங்கி வெச்சிருக்கேன். எதை மிதிச்சுத் தெக்கிறதுங்க? உங்க நோட்டீஸையா?"

கடையில் இருந்த எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த ஸ்டாண்டைக் கழற்றி, பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அவர் நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்?

ஊருக்கே தெரியும் என்றேனே, அதை நினைத்தால் இன்றைக்கும் என்மேல் எரிச்சலாக வருகிறது. 'ஸ்டாண்டு தனி' என்று இரண்டு வார்த்தை போட நோட்டீஸில் இடம் இருந்தது. போட்டால் பாதிப் பேர் வாங்க மாட்டார்கள் என்று தெரிந்துதான் போடாமல் விட்டேன்.