திரும்பி வந்திருக்க வேண்டிய மெயில்

ஆபீசில் அவளுக்குச் சங்கு என்று பெயர். யாருக்காவது அனுப்பிய மெயில் போகாமல் திரும்பி வந்தால் அவளுக்குத்தான் போன் போடுவார்கள். முகவரியில் எழுத்துப்பிழையா, பெட்டி நிரம்பிவிட்டதா, இல்லை ஆளே போய்விட்டாரா என்று பார்த்துச் சொல்வாள். பாதி நேரம் ஆள்தான் போயிருப்பார். வேலையை விட்டவரின் கணக்கை அழிப்பதும் அவள், அதைக் கேட்டவரிடம் சொல்வதும் அவள். சங்கு என்று கூப்பிடாமல் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? மாமியார் வைத்த பெயர்களுக்கு இது எவ்வளவோ தேவலை என்று அவளும் விட்டுவிட்டாள்.

ஒருநாள் காலை அவளைத் தேடி ஒரு பெண் வந்தாள். கிடங்கில் சரக்குக் கணக்கு பார்ப்பவனின் மனைவி. அவன் அடுக்கின் மேலிருந்து விழுந்து, முதுகெலும்பு நொறுங்கி, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தான். முறையான லீவுதான். இன்னொரு ஆபரேஷன் பாக்கி இருந்தது. அவன் பெயர் கம்பெனியில் இருக்கும்வரைதான் அந்தச் செலவு கம்பெனியுடையது. எச்.ஆர். அதிகாரியோ, மறுபடி வேலைக்கு வருவாயா என்று மெயில் அனுப்பிக் கேட்டோம், பதிலே இல்லை, தானாக விட்டுப் போனதாக வைத்து இன்று சாயங்காலம் பெயரை எடுத்துவிடுவோம் என்று போனில் சொல்லிவிட்டாராம்.

"அப்படி எதுவும் வரலக்கா. அவரு படுத்துக்கிட்டே நாள் பூரா போனத்தான் பாக்குறாரு. இப்ப கொஞ்ச நாளா மெயிலு பாஸ்வேர்டு கேக்குது, எதப் போட்டாலும் தப்புங்குது. போன்தான் கெட்டுப்போச்சுன்னு நெனச்சோம்."

சங்குக்கு அந்த இடத்திலேயே சந்தேகம் வந்தது. போய் அவனுக்கு ஒரு மெயில் அனுப்பிப் பார்த்தாள். அனுப்பிய கையோடு திரும்பி வந்தது. அப்படி ஒருவர் இங்கே இல்லையாம். எழுத்துப்பிழை இல்லை, பெட்டியும் நிரம்பவில்லை. அழிக்கப்பட்ட கணக்குகளில் தேடினால் அங்கே கிடந்தான். ஆபீஸ் கம்ப்யூட்டரில் மூன்று மாதம் நுழையாதவர்களின் கணக்கை மெஷினே அழிக்கும்படி அவளுடைய மேனேஜர் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். போனில் மெயில் பார்ப்பது நுழைந்ததாகச் சேராது. லீவில் இருப்பவர்களின் பெயரை அதிலிருந்து விலக்கி வைக்க வேண்டும். அதை அவர் செய்யவில்லை. எச்.ஆர். அதிகாரி அனுப்பிய மெயிலும் இப்படித்தான் திரும்பி வந்திருக்கும். திரும்பி வருவதெல்லாம் நேரே குப்பைக்குப் போகும்படி அந்த அதிகாரி தன் பெட்டியில் வைத்திருந்தார். குப்பை தானாகக் காலியாகிவிடும். அவர் கண்ணில் எதுவும் பட்டிருக்காது.

ஒரு தட்டு தட்டினால் கணக்கு உயிரோடு வந்துவிடும். வேறு நாளாக இருந்தால் யோசிக்காமல் தட்டியிருப்பாள். இன்று கையைக் கட்டிக்கொண்டாள். திரும்பப் போட்டுவிட்டால் அடுத்த மெயில் ஒழுங்காகப் போய்ச் சேரும். போகுதே, அன்றைக்கும் போயிருக்கும் என்று அதிகாரி கைகழுவிவிடுவார். மெயில் திரும்பி வருவதை அவர் தன் கண்ணால் பார்க்க வேண்டும். அவரோ வெளியே போயிருந்தார், மத்தியானம்தான் வருவார். அதுவரை அந்தக் கணக்கு செத்தே கிடக்கட்டும் என்று விட்டாள்.

எல்லாம் சரிதான். ஆனால் கெட்டிக்காரிகளும் ஓர் இடத்தில் கோட்டை விடுவார்கள். மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். சொல்லாமல் செய்தால் தப்பாகிவிடுமாம். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, நல்லவேளை கண்டுபிடித்தாய், முதலில் போய்ச் சாப்பிடு என்று அனுப்பிவைத்தார்.

மத்தியானம் அவள் அதிகாரியின் அறைக்குப் போனபோது மேனேஜரும் கூடவே வந்தார். எச்.ஆர். அதிகாரி தன் கையாலேயே கிடங்குக்காரனுக்கு ஒரு வரி அடித்து அனுப்பினார். திரையில் குப்பையைத் திறந்து வைத்து மூன்று பேரும் பார்த்தபடி நின்றார்கள். ஒன்றும் திரும்பி வரவில்லை.

"நல்லாத்தான சார் போகுது," என்றார் மேனேஜர்.

அவள் அதிகாரியின் பக்கம் திரும்பினாள். "காலைல இந்தக் கணக்கே கெடையாது சார். நான் சாப்பிடப் போனப்ப இவரு திரும்பப் போட்டுட்டாரு."

மேனேஜர் சிரித்தார். எதை எப்போது திரும்பப் போட்டார்கள் என்ற பதிவை அவர் ஒருவர்தான் திறக்க முடியும். காலையில் அவளுக்குத் திரும்பி வந்ததை அவள் காட்டினாள். நீ அடித்ததில் ஏதாவது தப்பு இருந்திருக்கும் என்றார் மேனேஜர். உங்கள் பிரிவுச் சண்டையை இங்கே கொண்டுவராதீர்கள் என்று அதிகாரி பேனாவை எடுத்தார். சாயங்காலம் கையெழுத்தாகிவிட்டது.

போனில் சொல்ல மனம் வராமல் அவள் நேரில் போனாள். மாடியில் ஒற்றை அறை. மருந்து வாடையும் ஈரத்துணி வாடையும். அவனை ஒருக்களித்துப் படுக்க வைத்திருந்தார்கள். வேலைக்கு வந்த ஆபத்தைப் பற்றி மனைவி அவனிடம் எதையும் சொல்லியிருக்கவில்லை. இவளைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"மத்தியானத்துலேருந்து மெயிலு வருதுக்கா. நீங்கதான் சரி பண்ணிக் குடுத்தீங்கன்னு இவ சொன்னா. ரொம்ப நன்றி."

அவள் பரவாயில்லை என்றாள். வேறு என்னத்தைச் சொல்வாள்?

மாடிப்படி வரைக்கும் வந்த மனைவியிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அவள் அழவில்லை. கேட்டு முடித்துவிட்டு, "அவருகிட்ட பரவால்லன்னீங்களே, அத நீங்களே வச்சுக்குங்க. எனக்கு எழுதிக் குடுங்க. நாங்கதான் அழிச்சோம்னு எழுதி, உங்க பேரு போட்டு," என்றாள்.

வாயால் சொன்னதை இல்லை என்று சொல்லிக்கொள்ளலாம். பேர் போட்டு எழுதினால் வேலை போச்சு. வீட்டில் புருஷனுக்கு வேலை போய் ஒரு வருஷமாகிறது. இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிகிறது. அதையெல்லாம் படியில் நின்று நினைத்துப் பார்த்தாள். அப்புறம் காகிதம் இருக்கிறதா என்று கேட்டாள்.

அந்தக் காகிதத்தோடு அவன் மனைவி முதலாளி அறை வாசலில் போய் உட்கார்ந்தாள். கேஸ் கீஸ் என்று போய்விடுவாளோ என்று பயந்தார்களோ என்னவோ, ஆபரேஷன் செலவை மட்டும் ஏற்றுக்கொண்டார்கள். வேலை போனது போனதுதான். சங்கையும் அந்த மாதமே வீட்டுக்கு அனுப்பினார்கள். மேனேஜர் அங்கேயேதான் இருக்கிறார்.

ஆபரேஷன் ஆகியும் அவன் எழுந்து நடக்கவில்லை. இவள் இப்போது ஒரு பள்ளிக்கூட ஆபீசில் பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறாள். அவன் மனைவி எப்போதாவது போன் பண்ணுவாள். எப்படி இருக்காரு என்று இவள் கேட்பாள், அப்படியேதான் என்று அவள் சொல்வாள். வைத்துவிடுவார்கள்.