மிச்சச் சொட்டு

அந்தக் குடியிருப்பில் அவளைச் 'சொட்டு' என்றுதான் கூப்பிட்டார்கள். மருந்துக்கடையில் விற்பனைக்கு நிற்பவள். பாதி போட்டுவிட்டு யாராவது திருப்பிக் கொண்டுவந்து வைக்கும் கண் மருந்துகளைக் குப்பையில் போட அவளுக்கு மனம் வராது. கைப்பைக்குள் வந்துவிடும்.

மாடிப்படிப் பூனைகளுக்கு அவள்தான் வைத்தியர். பீளை கட்டி ஒட்டிய கண்ணை ஈரத்துணியால் துடைத்து, குப்பியின் மூக்கைக் கண்ணில் ஒட்டவைத்து ஒரு சொட்டு. கண் திறந்துகொண்டால் நிறுத்திவிடுவாள். மிச்சம் அடுத்த பூனைக்கு.

"ஊர்ப் பூனையெல்லாம் கண்ணத் தொறந்துடுச்சு. நீ எப்பத் தொறக்கப் போற?" என்பாள் கூடவே இருக்கும் அக்கா. கல்யாணம் வேண்டாமென்று நின்றுவிட்ட தங்கையை அவள் எதிலும் சீண்டாமல் விடுவதில்லை.

"உனக்கும் ஒரு சொட்டு விடட்டுமாக்கா? வாய்ல."

வீட்டுக்குள் வளர்ந்தது சாம்பல் பூனை மட்டும். குட்டியிலேயே ஒரு கண் போய்விட்டது. இப்போது மற்ற கண்ணிலும் பீளை. மருந்து விட்டாள், தெளிந்தது, நிறுத்தினாள். திரும்ப வந்தது. மறுபடியும் விட்டாள். இந்த முறை விட விடக் கருவிழியில் பால்போல் வெண்மை படர்ந்தது. குப்பியை மாற்றிப் பார்த்தாள். பால் அசையவில்லை.

படியிலும் பூனைகள் கூடிப்போயின. படிக்கு ஒன்றாக, ஒட்டிய கண்களோடு. அவள் ஏறும்போது எதுவும் கத்தவில்லை. காலடி போகும் பக்கம் முகங்கள் மட்டும் ஒருசேரத் திரும்பின.

சாம்பல் பூனையை மிருக டாக்டரிடம் தூக்கிப் போனாள். அதன் கண்ணிலிருந்து துடைத்தெடுத்த கிருமியை வளர்த்த தட்டை இரண்டு நாள் கழித்து அவர் காட்டினார். பாலேடு படிந்ததுபோல் கிருமி. அதன்மேல் பொட்டுப் பொட்டாய் மருந்து தோய்த்த காகிதங்கள்.

"ஒவ்வொரு மருந்தச் சுத்தியும் வெத்து எடமா ஒரு வளையம் விழணும்மா. கிருமி பயந்து தள்ளி நிக்கும். இங்க பாருங்க, மேலயே ஏறி உக்காந்திருக்கு."

ஒன்றைத் தவிர எல்லாம் அவள் கை பழகிய மருந்துகள். அந்த ஒரு பொட்டைச் சுற்றித்தான் வளையம் விழுந்திருந்தது.

"இது ஒண்ணுதான் பாக்கி. கண்ணு தெளிஞ்சாலும் நான் சொல்ற வரைக்கும் நிறுத்தாதீங்க. வேற எந்தப் பூனைக்கும் இத விடாதீங்க. இதுவும் கேக்காமப் போச்சுன்னா கண்ண எடுக்கறதுதான்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "இதுக்கு முன்னாடி ஒரே குப்பிய எத்தன பூனைக்கு விட்டீங்க?"

அவள் எண்ணப் போனாள். படிக்கு ஒன்றாய்ப் பூனை முகங்கள் நினைவில் வந்தன.

"படியில இருக்கறதுங்கள என்ன செய்ய?" என்றாள்.

"ஒவ்வொண்ணா இங்க கொண்டாங்க. நீங்களா எதையும் தொடாதீங்க."

புது மருந்தில் பால் கரைந்தது. ஒரு மத்தியானம் சாம்பல் பூனை, பறக்கும் ஈயைப் பார்வையாலேயே துரத்தியது.

"அதான் நல்லாயிடுச்சே. எடுத்து வை," என்றாள் அக்கா.

அவள் கை தானாகவே குப்பியை மூடப் போனது. அப்போது வெளியே ஏதோ நகர்ந்தது. கதவடியில் தெரிந்த வெளிச்சக் கோடு ஒரு முனையிலிருந்து மறைந்துகொண்டே வந்து முழுக்க இருண்டது. கத்தல் இல்லை, பிறாண்டல் இல்லை.

"தொறக்கட்டுமாடி?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"வேணாம்க்கா. இப்ப தொறந்தா என் கை சும்மா இருக்காது, இதையே அதுங்களுக்கும் விட்டுடும்."

சாம்பல் பூனையின் இமையை விலக்கினாள். குப்பியின் மூக்கு கண்ணில் படாமல் உயரத்திலிருந்து ஒரு சொட்டு விட்டாள்.

கதவுக்கு அந்தப் பக்கம் பூனைகள் எல்லாம் சேர்ந்து ஒரே மூச்சாக இழுத்த மாதிரி இருந்தது.