லேபிளை வெட்டினால் போதுமா?

போன மாதம் ஆம்பூரிலிருந்து இம்தியாஸ் போன் செய்தான். ஹலோகூட இல்லை.

“என் கேமைத் தூக்கிட்டாங்கப்பா!”

இம்தியாஸ் என் காலேஜ் தோஸ்த். ஷூ கம்பெனியில் கம்ப்யூட்டரில் பேட்டர்ன் போடுகிறவன். அவனுக்கு ஒரு பைத்தியம் உண்டு — காலேஜ் நாட்களில் நாங்கள் விளையாடித் தீர்த்த ஒரு கார் ரேஸ் கேம். அதைச் செய்த வெளிநாட்டுக் கம்பெனி எப்போதோ விற்பதை நிறுத்திவிட்டது. இன்றைய கம்ப்யூட்டரில் ஓடவும் ஓடாது. சும்மா இருப்பானா? கேமின் புரோகிராம் கோடு முழுவதையும் புதிதாகத் தானே எழுதி, யாரும் எடுக்கலாம், திருத்தலாம் என்று ஓப்பன் சோர்ஸாக நெட்டில் போட்டான். இரண்டு வருட உழைப்பு!

கம்பெனி புகார் கொடுத்தது. வெப்சைட் கேமை முடக்கிவிட்டது.

வேலூரிலிருந்து ஓடினேன். மனுஷன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. எனக்கே கஷ்டமாகிவிட்டது.

“பத்து பைசா வாங்கல. ஓசியில குடுத்தேன். கோடு மொத்தம் என்னுது. இதுல இன்னா தப்பு?”

“படம், மியூசிக்?”

“அது பழைய கேமோடதுதான். ஆனா கம்பெனி லோகோ, பேரு எல்லாத்தையும் வெட்டிட்டேனே!”

சிரிப்பை அடக்க முடியவில்லை. ஆம்பூர்க்காரர்களுக்குப் புரிந்திருக்கும், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். வெளிநாட்டு பிராண்டுக்குத் தைத்த ஷூ மிச்சமானால், அவர்கள் சம்மதத்தோடு, லேபிளை வெட்டிவிட்டு உள்ளூரில் விற்பார்கள். லேபிள் போனால் வில்லங்கம் போச்சு. அதே பழக்கத்தைக் கேமிலும் காட்டிவிட்டான்!

கார் ரேஸ் என்கிற யோசனைக்கு யாரும் பூட்டு போட முடியாது. கைவிடப்பட்ட ஒரு கேமுக்கு உயிர் கொடுப்பது நல்ல காரியம் — அதில் எனக்குத் துளி சந்தேகம் கிடையாது. ஆனால் அந்தக் கார்களை யாரோ உட்கார்ந்து வரைந்திருக்கிறார்களே? படத்தை வைத்துக்கொண்டு பேரை மட்டும் வெட்டினால், அது தப்பைக் குறைக்குமா, கூட்டுமா?

“விக்கிறதையே நிறுத்திட்டாங்களேப்பா...”

“பூட்டிக் கிடக்குற வீடுன்னா உள்ள குடி போய்டுவியா?”

அதற்குள் டீ கொண்டுவந்த அவன் மனைவி நசீமா வாய் திறந்தார். ஸ்கூலில் டிராயிங் டீச்சர்.

“காருங்கதானே? நான் வரைஞ்சு தர்றேன்.”

வரைந்தே விட்டார். கார், மரம், வளைவு, ரோட்டோரக் கடை... எல்லாம் புத்தம் புதுசு. பழைய மியூசிக்கைத் தூக்கிவிட்டு, தன் பைக் உறுமலையே ரெக்கார்டு செய்து போட்டான் இம்தியாஸ். கேமுக்கு வேறு பேரும் வைத்தாயிற்று.

போன ஞாயிறு மறுபடி போனேன். நெட்டில் ஏற்ற எல்லாம் ரெடி.

“யாரு வேணா எடுத்துக்கலாம், மாத்திக்கலாம்னு எழுதிட்டேன்ப்பா” என்றான் ஜோராக.

“என் படத்தையுமா?” என்றார் நசீமா. “என்னைக் கேட்டீங்களா?”

இம்தியாஸ் என்னைப் பார்த்தான். நான் ஃபேனைப் பார்த்தேன்.

“...கேக்கல. இப்போ கேக்கறேன். குடுக்கலாமா?”

“கேட்டா வேணாம்னா சொல்லப்போறேன்? தாராளமா குடுங்க. மொத ஸ்கிரீன்ல என் பேரு இருக்கட்டும். யாரு எடுத்தாலும் அதை வெட்டக்கூடாதுன்னு சேர்த்து எழுதுங்க.”

எழுதினான். பிறகுதான் ஏற்றினான்.

வள்ளல் ஆவது ரொம்ப நல்ல விஷயம்... பொருள் யாருடையது என்று வீட்டிலாவது ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்!