மேட்சிங் அக்காவின் சிவப்பு

மேட்சிங் அக்கா பயப்படுவதற்குப் பெரிய காரணம் எதுவும் வேண்டியதில்லை. லிஃப்டில் தனியாக ஏற மாட்டாள். வங்கியில் கையெழுத்துப் போடுமுன் படிவத்தை மூன்று தரம் படித்துப் பார்ப்பாள். போன் மணி அடித்தால் யாருக்கு என்ன ஆயிற்றோ என்றுதான் முதலில் தோன்றும். "நீ பொறக்கும்போதே திடுக்கிட்டுத்தான் பொறந்திருப்ப" என்று அவள் கணவர் கேலி செய்வார். அவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எதற்கும் அசராத மனிதர்.

ஒரே ஓர் இடத்தில்தான் அவளுக்குப் பயம் கிடையாது. பத்தொன்பது வருஷமாக வேலை பார்க்கும் தையல் சாமான் கடையில், நூல் அலமாரிக்கு முன்னால். அங்கே நூல் மட்டும் நானூற்றுச் சொச்சம் நிறங்களில் இருந்தது. யாராவது உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித்துண்டை நீட்டினால், வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் ஒரு பார்வை பார்ப்பாள். திரும்பி வந்து ஏணியில் ஏறி ஒரே ஒரு நூல்கண்டை எடுத்து வைப்பாள். இரண்டாவது கண்டை எடுத்ததாகச் சரித்திரமே இல்லை. துணிமேல் நூலை வைத்தால் நூல் எங்கே போனதென்று தேட வேண்டியிருக்கும். மேட்சிங் அக்கா என்ற பெயர் அப்படி வந்ததுதான்.

நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு இருமல் பிடித்தது. இரண்டு மாதம் கஷாயமும் மிட்டாயுமாக ஓட்டிப் பார்த்தாள். பிறகு கணவர் ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனார். டிபி என்றார் டாக்டர். ஆறு மாதம் மாத்திரை, ஒரு வேளைகூடத் தவறக் கூடாது, முழுசாகக் குணமாகிவிடும் என்றார். அவள் காதில் முதல் வார்த்தைக்குப் பிறகு எதுவும் நுழையவில்லை. நர்ஸ் உட்கார வைத்து நிதானமாக ஒவ்வொன்றாகச் சொன்னாள். அவள் எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வீட்டுக்கு வந்தபோது ஞாபகத்தில் இருந்தது ஒன்றுதான்: சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகும், பயப்பட வேண்டாம். நிறம் மாறினால் என்னவோ என்று நர்ஸ் இன்னொன்றும் சொன்ன மாதிரி இருந்தது. அதுவும் இதைப் பற்றித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

நோயைவிட அது வெளியே தெரிந்துவிடுமோ என்ற பயம்தான் அவளை அரித்தது. கடையில் மஞ்சள் காமாலை என்று சொல்லி ஒரு மாதம் லீவு போட்டாள். சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை, இனி யாருக்கும் தொற்றாது, வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன பிறகும், வாடிக்கையாளர் பேசும்போது ஓரடி தள்ளியே நின்றாள். மாத்திரைகளைப் பழைய பட்டன் டப்பாவில் போட்டுப் பையின் அடியில் வைத்துக்கொண்டாள். விஷயம் தெரிந்தது கணவருக்கு மட்டும்.

இந்தச் சமயத்தில்தான் முதலாளிக்குப் புதுசாக ஒரு யோசனை வந்தது. அப்பா நடத்திய கடையை ஏற்று நடத்தும் இளைஞர் அவர். கைவினைச் சாமான்களும் விற்கலாம் என்று ஃபெல்ட் என்கிற கம்பளித் துணித்தாள், எம்ப்ராய்டரி நூல், வண்ண ட்யூப், பிரஷ் என்று ஓர் அலமாரி நிறைய வாங்கிப் போட்டுவிட்டார். எந்த பிரஷ் எதற்கு என்று யாராவது கேட்டால் சொல்ல ஆளில்லை. நூலகத்தின் மாடியில் சனிக்கிழமை மதியம் புதுசாகக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு வகுப்பு நடக்கிறது, பன்னிரண்டு வாரம், போய்விட்டு வாங்க அக்கா என்றார்.

பள்ளிக்கூடத்தில் அவள் வரைந்த பசு மாட்டைப் பார்த்து, இது என்ன மேஜையா என்று டிராயிங் டீச்சர் வகுப்பையே கேட்டது இன்னும் மறக்கவில்லை. எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள், முதலாளி கேட்கவில்லை.

முதல் நாள் கதவுக்குப் பக்கத்து நாற்காலியில், பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மொத்தம் ஒன்பது பேர். டீச்சர் அவளைவிட இருபது வயது சின்னவள். நகக்கண்ணில் எல்லாம் சாயம். எதுவும் வரையச் சொல்லவில்லை. ஆளுக்கு மூன்று ட்யூப் கொடுத்தாள்: சிவப்பு, மஞ்சள், நீலம். இதிலிருந்து எத்தனை நிறம் கொண்டுவர முடியும் என்று பாருங்கள் என்றாள்.

மேட்சிங் அக்கா நிறங்களை எண்களாகத்தான் அறிந்திருந்தாள். ஒரு நிறத்தைத் தன் கையால் உண்டாக்க முடியும் என்பது அவளுக்குப் புதுசு. சிவப்பில் துளி நீலம், அதில் இன்னும் துளி என்று கலக்கிக்கொண்டே போனாள். ஓரிடத்தில் கை நின்றது. "இருநூத்திப் பதினெட்டு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். கடையின் மூன்றாவது தட்டில் இருக்கும் கத்திரிப்பூ நிற நூலின் எண் அது. டீச்சர் வந்து பார்த்து, எத்தனை வருஷம் பெயிண்ட் பண்ணியிருக்கீங்க என்று கேட்டாள். அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அக்காவின் முகத்தில் சிரிப்பு. அடுத்த வாரம் காகிதத்தைக் கீற்று கீற்றாக வெட்டிப் பாய்போல முடைந்தார்கள். அதற்கடுத்த வாரம் துணியை அங்கங்கே நூலால் இறுக்கிக் கட்டிச் சாயத்தில் முக்கினார்கள். அதற்குள் அக்கா கதவோர நாற்காலியை விட்டு நடு மேஜைக்கு நகர்ந்துவிட்டாள்.

நான்காவது வாரம் சிவப்பு ட்யூபைப் பிதுக்கியபோது, செங்கல் பொடி நிறத்தில் ஏதோ வந்தது. ட்யூப் பழசாகிவிட்டது என்று நினைத்துப் பக்கத்து நாற்காலிக்காரரிடம் கொஞ்சம் வாங்கினாள். அதுவும் அப்படியே இருந்தது. விளக்கு சரியில்லையோ என்று ஜன்னலுக்குக் கொண்டுபோனாள். வெயிலில் அது இன்னும் மங்கலாகத் தெரிந்தது.

அந்த வாரம் முழுக்க எதைப் பார்த்தாலும் தூசி படிந்த மாதிரி இருந்தது. கழிவறையில்கூட ஆரஞ்சு நிறம் போய் வெறும் மஞ்சளாகத் தெரிந்தது. நோய் இறங்குகிறது என்று எண்ணிக் கணவரிடம் சந்தோஷமாகச் சொன்னாள். அவரும் நம்பினார்.

பிறகு கடையில் அது நடந்தது. ஓர் அம்மா கோட் தைக்கும் தவிட்டு நிறத் துணியைக் காட்டிவிட்டு, நூலை வாங்கிக்கொண்டு போனவர் அரை மணியில் திரும்பி வந்தார். நூல் பச்சை. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார், மேட்சிங் அக்காவுக்கே மேட்ச் ஆகலையா என்று. அவளும் சிரித்து வைத்தாள். உள்ளே போய் லைனிங் துணிக் கட்டுகளுக்கு நடுவே நின்று, பச்சைக் கண்டையும் தவிட்டுக் கண்டையும் இரண்டு கையில் பிடித்துப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறமாக இருந்தன. அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அன்றிலிருந்து ஏமாற்ற ஆரம்பித்தாள். கண்டுகளில் எண் ஒட்டியிருக்கும். எந்த எண் எந்த நிறம் என்பது அவளுக்கு மனப்பாடம். துணியில்தான் எண் கிடையாது. "இதை நீங்க என்ன கலர்னு சொல்வீங்க?" என்று பேச்சுவாக்கில் கேட்பதுபோல வாடிக்கையாளரிடமே கேட்டு வாங்கிக்கொள்வாள். பாதி நேரம் தப்பித்தாள். ஒவ்வொரு தடவை வாசல் மணி கிணுங்கும்போதும் முதுகு வியர்த்தது. பக்கத்து மூக்குக் கண்ணாடிக் கடையில் கண்ணைச் சோதித்துக்கொண்டாள். கடைக்காரர் எழுத்துகளைப் படிக்கச் சொன்னார்; தட்டுத் தடுமாறிப் படித்துவிட்டாள். பவர் கொஞ்சம் கூடியிருக்கிறது, வயசுதானே என்றார். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்டதற்கு ஒன்றுமில்லை என்றாள். அவர் முதலாளியோடு தினமும் டீ குடிக்கிறவர்.

கணவரிடமும் வாய் திறக்கவில்லை. கிருமி நெஞ்சிலிருந்து தலைக்கு ஏறிவிட்டது, கண்ணில் தொடங்கி மூளைக்குப் போகப்போகிறது என்று அவளாகவே முடிவு கட்டியிருந்தாள். சொன்னால் அது உண்மையாகிவிடும் என்பதுபோல ஒரு பயம். இரண்டு வாரம் இப்படியே ஓடியது.

ஏழாவது வகுப்பில் ஓர் ஆப்பிளை மேஜையில் வைத்து, அதன் நிறங்களைக் கம்பளி நூலால் அட்டையில் வரிசையாகச் சுற்றச் சொன்னாள் டீச்சர். ஆப்பிள் என்றால் சிவப்பு என்று தெரியும். ஆனால் கூடையில் கிடந்த நாற்பது நூல்களில் எது சிவப்பு? எண் ஒட்டாத நூல்கள். கைபோன போக்கில் நான்கைந்தை எடுத்துச் சுற்றினாள்.

டீச்சர் அந்த அட்டையை எல்லோருக்கும் தூக்கிக் காட்டினாள். பாருங்கள், கண்ணுக்குத் தெரிகிற சிவப்பை அப்படியே வைக்காமல் பாசிப்பச்சையும் சாம்பலுமாக எவ்வளவு துணிச்சலாகப் போட்டிருக்கிறார் என்றாள். பக்கத்து நாற்காலிக்காரர் கைதட்டினார். மற்றவர்களும் தட்டினார்கள். பிடரியில் யாரோ ஐஸ் வைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. பிரஷ் கழுவும் தொட்டிப் பக்கம் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள்.

டீச்சர் பின்னாலேயே வந்தாள்.

"அதுல சிவப்பே இல்லையா?" என்று கேட்டாள் அக்கா.

டீச்சர் மேஜைக்குத் திரும்பிப் போனாள். கம்பளித் துணித்தாளில் வெவ்வேறு நிறமாக நான்கு துண்டு வெட்டி வந்து தொட்டியின் விளிம்பில் வைத்து, எது எது ஒரே நிறம் என்று கேட்டாள். அக்கா காட்டினாள். டீச்சர் முகம் போன போக்கிலேயே பதில் தெரிந்துவிட்டது. எப்போதிலிருந்து, ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்றாள். வழக்கம்போல ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் அக்கா வாயெடுத்தாள். ஆனால் வந்தது வேறு.

"டிபிக்கு மாத்திரை சாப்பிடறேன். யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

"யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா மாத்திரை கொடுத்த டாக்டர்கிட்ட நீங்க இன்னைக்கே சொல்லணும். இது பழகிக்கற விஷயம் இல்லக்கா."

அக்கா அங்கிருந்தே பணிமனைக்குப் போன் செய்ய, கணவர் கையில் கிரீஸோடு வந்து சேர்ந்தார். ஆஸ்பத்திரி மூட முக்கால் மணி நேரம் இருந்தது. வழியில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் எதற்கும் கேலி பேசாததே அவளை இன்னும் பயமுறுத்தியது.

நர்ஸ் விஷயத்தைக் கேட்டதும் நெற்றியில் கைவைத்துக்கொண்டாள். "கண்ணுல கலர் மாறினா அன்னைக்கே வாங்கன்னு சொன்னேனேம்மா" என்றாள். அப்போதுதான் அக்காவுக்குப் புரிந்தது, நர்ஸ் சொன்னது சிறுநீரைப் பற்றி அல்ல. அங்கே இருந்த கண் டாக்டர், வண்ணப் புள்ளிகளுக்குள் எண் ஒளிந்திருக்கும் புத்தகத்தை விரித்து ஒவ்வொரு கண்ணாக மூடிப் படிக்கச் சொன்னார். ஒரு பக்கத்திலும் அவளுக்கு எண் தெரியவில்லை. வலது கண் இன்னும் மோசம்.

கிருமி தலைக்கு ஏறவில்லை, தினமும் சாப்பிடும் மாத்திரைகளில் ஒன்று சிலருக்குக் கண் நரம்பைப் பாதிக்கும் என்று விளக்கினார்கள். அதை மட்டும் நிறுத்தினார்கள். நிறுத்தினால் நோய் திரும்பி வராதா என்று அடுத்த பயம் எழுந்தது. மற்றவை போதும், நாங்கள் கவனித்துக்கொள்கிறோம் என்றார் அவளுடைய டாக்டர்.

"கலர் திரும்பி வருமா டாக்டர்?"

"நிறையப் பேருக்கு வந்துருக்கு. எப்ப வரும்னு சொல்ல முடியாது. இன்னும் ரெண்டு மாசம் விட்டுருந்தீங்கன்னா நான் இவ்வளவுகூடச் சொல்லியிருக்க மாட்டேன்."

திங்கட்கிழமை முதலாளியிடம் போய் நின்றாள். இனி மறைக்கத் தெம்பில்லை. கேட்டதும் அவர் நாற்காலியைச் சற்றுப் பின்னால் தள்ளிக்கொண்டார். அவர் அறியாமலே செய்ததுதான். ஆனாலும் அவள் பார்த்துவிட்டாள். மஞ்சக்காமாலைன்னு சொன்னீங்களே என்றார். பிறகு, பரவுமா என்றார். பரவாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்ததை நீட்டினாள். வாசித்து மடித்துத் திருப்பிக் கொடுத்தார். கண் சரியாகும்வரை ஜிப், ஹூக், ஊசி இருக்கும் பக்கத்தில் நில்லுங்கள் என்றார். மறுநாள் காலை அவரே அவள் பக்கமாக வந்து டீயை வைத்துவிட்டுப் போனார்.

காத்திருந்த நாட்கள்தான் எல்லாவற்றையும்விடக் கொடுமை. காலையில் கண் திறக்கவே பயந்தாள். யாராவது நூல் கேட்டு வந்தால் ஹூக் பெட்டிக்குள் தலையைக் கவிழ்த்துக்கொள்வாள். வகுப்பை நிறுத்திவிடுகிறேன் என்று டீச்சரிடம் சொன்னபோது, கறுப்பும் வெள்ளையும் உங்களுக்குத் தெரியும் இல்லையா என்று அவள் கேட்டாள். மற்றவர்கள் நிறங்களோடு விளையாட, இவள் வெள்ளையிலிருந்து கறுப்புவரை இருபது சாம்பல் கலந்து கட்டம் கட்டமாகத் தீட்டினாள். கண்ணீர் விழுந்து இரண்டு கட்டம் கரைந்தது. மறுபடி தீட்டினாள்.

அந்த மாத்திரை நின்ற ஏழாவது வாரம், பஸ்ஸில் முன் சீட்டுப் பெண் மடக்கி வைத்திருந்த குடையில் ஏதோ வித்தியாசமாகப் பட்டது. வலது கண்ணைப் பொத்திக்கொண்டு பார்த்தாள். சிவப்பு! அழுத்தமாக இல்லை, ஆனால் சிவப்பேதான். நம்பப் பயந்து அடுத்த நிறுத்தம்வரை வேறு பக்கம் பார்த்தாள். திரும்பியபோதும் அது அங்கேயே இருந்தது. இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டாள்.

இடது கண் முழுவதுமாகத் தேறியது. டிபி மாத்திரைகளும் முடிந்து, நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். வலது கண்ணில் மட்டும் சிவப்பு இன்னும் கொஞ்சம் பழசாகவே தெரிகிறது. இனி மாறாது என்றுதான் டாக்டரும் நினைக்கிறார்.

மறுபடி நூல் அலமாரிக்கு வந்துவிட்டாள். வாசல் வெளிச்சத்தில் துணியைப் பிடித்து வலது கண்ணை இறுக மூடிக்கொண்டு பார்ப்பாள். விஷயம் தெரியாத ஒருவர் தன்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறாள் என்று முதலாளியிடம் புகார் சொன்னார். கணவருக்கு அதைக் கேட்டுப் பழைய கேலியெல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஒரு கண்டோடு நிறுத்துவதில்லை அவள் இப்போது. இரண்டோ மூன்றோ எடுத்துத் துணிமேல் வைத்து, எதிரே நிற்பவரையும் பார்க்கச் சொல்லி, அவர் தலையாட்டும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.