என் வலைப்பதிவில் ஒரே ஒரு சொல்

"சார், உங்க ப்ளாக்ல ஒரே ஒரு வார்த்தைதான் இருக்கு."

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் வந்த போன் இப்படித்தான் ஆரம்பித்தது. ராஜபாளையத்திலிருந்து ஒரு பெண் குரல். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. முப்பது வருடம் பத்திரிகையில் குப்பை கொட்டியவனுக்கு, சுருக்கமாக எழுதுகிறான் என்ற பெயரைவிட வேறென்ன வேண்டும்?

"அப்படியா! எந்த வார்த்தை?"

"'படம்.' அம்புட்டுதான் சார். போன் வேற எதுவும் சொல்ல மாட்டேங்குது."

பெயர் எஸ்தர். ஒரு நூற்பாலையில் டெலிபோன் ஆபரேட்டர். பிறவியிலேயே பார்வை கிடையாது. திரையில் உள்ள எழுத்தை அவருடைய போன் வாசிக்கும், அவர் கேட்டுக்கொள்வார். எழுத்துக்குப் பதில் எழுத்தின் படம் இருந்தால்? 'படம்' என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான், அடுத்ததற்குத் தாவிவிடும்.

நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன்.

"ஒங்க ப்ளாக் கெடக்கட்டும் சார்," என்றார் எஸ்தர். "அதே ரேடியோ வெப்சைட்ல அறிவிப்பாளர் குரல் தேர்வுன்னு போட்டிருக்காகளாம். அதுவும் படமாத்தான் இருக்கு. ரேடியோ ஆபீஸ்ல கேட்டா, தேதியெல்லாம் போன்ல சொல்ல மாட்டோம், வெப்சைட்ல பாருங்கன்னுட்டாக. படமா போடச் சொன்னதே நீங்கதான்னு ஒங்க நம்பரைக் கொடுத்தாக. செத்த வாசிச்சுச் சொல்லுங்க. அடுத்த தடவைன்னா எனக்கு வயசு வரம்பு தாண்டிரும்."

உண்மை. சொன்னது நான்தான்.

அந்த அரசு வானொலி தன் இணையதளத்தைப் புதுப்பித்தபோது யோசனை சொல்ல என்னையும் அழைத்திருந்தார்கள். கூடவே வலைப்பதிவும் எழுதச் சொன்னார்கள். ப்ளாக் என்றால் அன்றன்றைக்குத் தோன்றியதை எழுதுவது என்று நினைத்திருந்தேன். அங்கே ஒவ்வொரு பதிவும் மூன்று மேஜை ஏறி இறங்கும். ஸ்ரீவில்லிபுத்தூரை ஒட்டிய செண்பகத்தோப்பு மழையைப் பற்றி நான் எழுதியது, ஊரே வெயிலில் கொதிக்கிற மாதத்தில் வெளியானது. வாசகர் கருத்துகளை அஞ்சலட்டையில் அனுப்பலாம் என்று கீழே ஒரு குறிப்பு வேறு.

இதையெல்லாம் கேலி செய்கிற தகுதி எனக்கு உண்டா? அதுதான் இல்லை.

இணையதளத்தை வடிவமைத்தவர் பிரியா — தளவாய்புரத்தில் நைட்டி தயாரிக்கும் குடும்பத்துப் பெண். என் பத்திகள் ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு இடத்தில் உடைவதைப் பார்த்து நான் கொதித்துப் போனேன். பத்திரிகைப் பக்கத்தில் ஒரு வரி எங்கே முடிய வேண்டும் என்று நான் வைத்தால், அது அங்கேதான் முடியும்!

"எங்க ஊரு நைட்டி மாதிரி சார்," என்றார் பிரியா. "யாரு போட்டாலும் பொருந்தணும். எழுத்துன்னா போனுக்குத் தக்கன சுருங்கும், விரியும். படமா போட்டா வெறச்சுக்கிட்டு நிக்கும்."

"என் எழுத்தை நைட்டியோடு ஒப்பிட்ட முதல் ஆள் நீங்கள்தான்," என்றேன். "படமாகவே போடுங்கள்."

"வாசிக்க முடியாதவங்க என்ன செய்வாங்க சார்?"

"வாசிக்க முடியாதவர்கள் வலைப்பதிவுக்கு எதற்கு வருகிறார்கள்?"

கூட்டத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். பிரியா மட்டும் சிரிக்கவில்லை. பொறுப்பு அதிகாரிக்கு ஏக சந்தோஷம். "கையெழுத்து போட்ட பொறவு ஒரு எழுத்தைக்கூட எவனும் மாத்த முடியாதுல்லா?" என்று, தளத்தில் உள்ள அத்தனை அறிவிப்புகளையும் படமாக்கிவிட்டார்.

சரி, எஸ்தருக்கு வருவோம். அந்த அறிவிப்பைத் திறந்தேன். கண்ணாடி போட்டேன். பெரிதாக்கினேன்... எழுத்துகள் எறும்புக் கூட்டமாகப் பரவின. ஒருவழியாகத் தேதியைக் கண்டுபிடித்தேன். மறுநாள் மாலை ஐந்து மணி!

அதிகாரிக்குப் போன் போட்டேன். இரண்டு நாள் நீட்டிக்க முடியுமா?

"படமா போடச் சொல்லி நீங்கதான சார் சொன்னிய? மீட்டிங் மினிட்ஸ்ல ஒங்க பேரு இருக்கு. இப்ப வேண்டாம்னா எழுத்துமூலமா கொடுங்க. தேதியெல்லாம் நீட்ட முடியாது."

மறுநாள் காலையில் விண்ணப்பப் படிவத்தை அச்செடுத்துக்கொண்டு ராஜபாளையத்துக்கு பஸ் ஏறினேன். மில் வாசலில் இருந்த அறையில் எஸ்தர் சொல்லச் சொல்ல எழுதினேன். 'முன் அனுபவம்' என்ற இடத்தில், பதினோரு வருடமாக சுவிட்ச்போர்டில் பேசுகிறேன் என்றார். நான் 'இனிய குரலில்' என்று சேர்த்தேன். பழக்கதோஷம்.

"முழுசா ஒரு தடவை வாசிங்க சார்."

வாசித்தேன்.

"'இனிய குரல்' நான் சொல்லலையே? எடுத்துருங்க. குரல் எப்படின்னு அவிய கேட்டுச் சொல்லட்டும். பொறவு, இம்புட்டு வேகமா வாசிக்காதீங்க. எங்க நிறுத்துறீகன்னே தெரியல."

முப்பது வருடத்தில் எத்தனையோ ஆசிரியர்கள் என் எழுத்தில் கைவைத்திருக்கிறார்கள். யாரும் இவ்வளவு சரியாக வைத்ததில்லை. அடித்துவிட்டு, நிறுத்தி நிறுத்தி மறுபடி வாசித்தேன். தலையாட்டினார். கையெழுத்து போட வேண்டிய இடத்தில் அவர் விரலை வைத்தேன். போட்டார்.

இரண்டு பஸ் மாறி வானொலி நிலையத்துக்குப் போய் நீட்டியபோது மணி நாலே முக்கால். சீல் குத்தி வாங்கிக்கொண்டார்கள். அங்கேயே உட்கார்ந்து, 'என் யோசனை தவறு. எல்லாவற்றையும் எழுத்தாகவே போடவும்' என்று ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தேன். என் எழுத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல், ஒரே நாளில் மூன்று மேஜையும் தாண்டியது அது ஒன்றுதான்.

போன வாரம் எஸ்தர் கூப்பிட்டார். குரல் தேர்வுக்கு அழைப்பு வந்துவிட்டதாம். எழுத்தாகவே வந்ததாம், போனே வாசித்துவிட்டதாம். யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"என் ப்ளாக்கும் இப்போது எழுத்தாகிவிட்டதே... கேட்டீர்களா?"

"கேட்டேன் சார். ரெண்டு பத்தி. பொறவு டெஸ்டுக்குப் படிக்க வேண்டியிருந்துச்சு, நிறுத்திட்டேன்."

பாதியில் நிறுத்துகிற உரிமை மற்ற வாசகர்களுக்கெல்லாம் எப்போதோ கிடைத்துவிட்டது... எஸ்தருக்கு இப்போதுதான்!